தவணையா, தள்ளுபடியா?

ஆடி மாதம் பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியபாளையத்தில் நடக்க இடம் கிடைக்காது. சென்னையிலிருந்தும் செங்குன்றம் பக்கமிருந்தும் ஆந்திர எல்லையோரக் கிராமங்களிலிருந்தும் வேன்களிலும் ஷேர் ஆட்டோக்களிலும் வந்து இறங்குகிற கூட்டம் பவானி அம்மன் கோயிலை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். வேப்பிலையை ஆடையாகக் கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றி வருகிறவர்கள், பொங்கல் வைக்கிறவர்கள், மொட்டை போட்ட குழந்தைகள் என்று தெருவெல்லாம் ஒரே நெரிசல். ஏன் இதெல்லாம் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: நேர்த்திக்கடன். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியது, தாலி நிலைத்தது, வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்தது. கேட்டதை அம்மன் கொடுத்தாள், சொன்னதைச் செய்ய வந்திருக்கிறோம் என்பார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஈரத் துணியோடும் வேப்பிலையோடும் வெயிலில் நிற்கிறவர்களின் நேர்மையைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை.

இந்த வட்டாரத்துக்குக் கடன் என்ற சொல் புதிதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறவரின் சம்பளத்தில் பைக் தவணை போகும். வீட்டில் மகளிர் குழுக் கடன் ஒன்று வாராவாரம் ஓடிக்கொண்டிருக்கும். கடைத்தெருவில் சாயங்காலமானால் தண்டல்காரர் நோட்டோடு வருவார். கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட்டார்கள், ஆனாலும் மீட்டர் வட்டி என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடன்காரன் வாசலில் வந்து நிற்கும்போது வீட்டில் இருக்கிற ஆள் 'அவர் இல்லையே' என்று சொல்கிற அந்தக் குரல் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே, இதே ஊர்ப்பக்கத்துச் சபைகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லும்போது அதில் ஒரு சொல் மட்டும் காதில் உரசாமல் போவது ஆச்சரியம்தான். பாவம் என்ற சொல் வரும் என்று எதிர்பார்க்கிற இடத்தில், மத்தேயு சுவிசேஷத்தின்படி சொல்லும்போது, கடன் என்ற சொல்தான் வருகிறது. கிரேக்க மூலத்திலும் அப்படித்தான். லூக்கா அதே ஜெபத்தை எழுதும்போது பாவம் என்கிறார். மத்தேயு வரி வசூலித்தவர் என்பது பழைய மரபு. அந்தத் தொழிலில் இருந்தவருக்கு எந்தச் சொல் சட்டென்று வரும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

அதே மத்தேயுவின் 18-ஆம் அதிகாரத்தில்தான் கடன்பட்ட ஊழியக்காரனின் உவமை இருக்கிறது. கதை எல்லோருக்கும் தெரியும். ராஜா கணக்குப் பார்க்கிறார். ஒருவன் பத்தாயிரம் தாலந்து பாக்கி. கொடுக்க வழியில்லை. காலில் விழுகிறான். ராஜா மனமிரங்கி விட்டுவிடுகிறார். வெளியே வந்தவன், தனக்கு நூறு வெள்ளிக்காசு தர வேண்டிய சக வேலைக்காரனின் கழுத்தைப் பிடிக்கிறான். பிரசங்கத்தில் இதைக் கேட்கும்போது 'பெரிய கடன், சின்னக் கடன்' என்ற அளவில் மனதில் பதிந்துவிடுகிறது. ஒரு முறையாவது கால்குலேட்டரை எடுத்துப் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்தில் ஒரு வெள்ளிக்காசு ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிக்காசு. அப்படியானால் 10,000 தாலந்து என்பது 6 கோடி நாள் கூலி. ஒரு நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3,000 கோடி ரூபாய். வருஷத்துக்கு 300 நாள் வேலை செய்து, ஒரு வாய் சாப்பிடாமல் அத்தனையையும் கட்டினால் அடைத்து முடிக்க 2 லட்சம் வருஷம் ஆகும், அதுவும் வட்டி இல்லாமல். இன்னொரு அளவுகோலும் இருக்கிறது. கலிலேயா, பெரேயா இரண்டு பகுதிகளிலிருந்தும் ஏரோது அந்திப்பாவுக்கு வந்த ஆண்டு வருமானம் 200 தாலந்து என்று யோசேபஸ் என்ற அந்தக் காலத்து வரலாற்று ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். ஒரு சிற்றரசின் 50 வருஷ வருமானத்தை ஒரு வேலைக்காரன் பாக்கி வைத்திருக்கிறான்! கதை கேட்ட ஜனங்கள் இந்தத் தொகையைக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டும். அவனுக்கு வர வேண்டிய நூறு வெள்ளிக்காசு நம் கணக்கில் 50,000 ரூபாய். அதுவும் ஏழைக்குப் பெரிய தொகைதான், ஆனால் கட்டிவிடக் கூடிய தொகை.

இப்போது அவன் ராஜாவிடம் என்ன கேட்டான் என்பதைக் கவனியுங்கள். கடனை விட்டுவிடுங்கள் என்று அவன் கேட்கவேயில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் கட்டிவிடுகிறேன் என்றான். அதாவது 3,000 கோடிக்குத் தவணை கேட்டான். ராஜா கொடுத்தது தள்ளுபடி. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவன் மண்டையில் ஏறவே இல்லை என்றுதான் தோன்றுகிறது. அவன் அரண்மனை வாசலைத் தாண்டும்போது மனதுக்குள் ஒரு கடன்காரனாகவே நடந்து போனான். எப்படியாவது புரட்ட வேண்டும், எங்கெங்கே பாக்கி வர வேண்டும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனான். எதிரில் ஐம்பதாயிரம் ரூபாய்க்காரன் வந்தான். பிடித்துவிட்டான். கல்நெஞ்சக்காரன் என்று அவனைத் திட்டுவது சுலபம். தனக்குக் கிடைத்தது என்ன என்று தெரியாத ஒருவன் வேறு எப்படி நடந்துகொள்வான்?

தாழ்மையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

சபைகளில் தாழ்மை என்றால் பெரும்பாலும் ஒரு பேச்சுவழக்காக ஆகிவிட்டது. சாட்சி சொல்ல எழுந்திருக்கும் ஒருவர் 'நான் ஒன்றுமில்லை, வெறும் தூசி' என்று தொடங்குவார். அடுத்த பத்து நிமிடத்தில் அந்தத் தூசி எத்தனை மணிக்கு எழுந்து ஜெபித்தது, எத்தனை நாள் உபவாசம் இருந்தது, அதனால் கர்த்தர் என்ன செய்தார் என்ற முழு விவரமும் வந்துவிடும். சொல்பவர் பொய் சொல்வதில்லை. உண்மையிலேயே உபவாசம் இருந்தவர்தான். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு புதியவர், வேலை போய், பாக்கியில் மூழ்கி, ஏதோ ஒரு நம்பிக்கையில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர், இதிலிருந்து என்ன புரிந்துகொள்வார்? இவ்வளவு கட்டினால் இவ்வளவு கிடைக்கும் என்று ஒரு விலைப்பட்டியலாகத்தான் புரிந்துகொள்வார். பொருத்தனை, காணிக்கை, உபவாசம் என்ற வரிசையில் தாழ்மையும் ஒரு நாணயமாகச் சேர்ந்துவிடுகிறது. தாழ்மையாய் இருந்தால் கிருபை கிடைக்கும் என்று வேத வசனத்தையே அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். யாக்கோபும் பேதுருவும் அதைச் சொல்லியிருக்கிறார்கள்தான். ஆனால் கொடுக்கல் வாங்கலாக அதை வாசித்தால் கிருபை என்ற சொல்லுக்கே அர்த்தம் போய்விடும். வேலைக்குக் கிடைப்பது கூலி. அதற்கு நன்றி சொல்வது மரியாதை, அவ்வளவுதான். தகுதியில்லாதவனுக்குக் கிடைக்கிற தயவு என்றுதானே கிருபைக்கு ஞாயிறு பள்ளியிலேயே விளக்கம் சொல்லித் தருகிறார்கள்? அப்புறம் தாழ்மையைத் தகுதியாக வைத்தால் எப்படி? வெறுங்கையைப் பற்றித்தான் அந்த வசனங்கள் பேசுகின்றன என்று எடுத்துக்கொள்வது நியாயம். கை நிறையச் சாமான் வைத்திருப்பவனிடம் எதையும் கொடுக்க முடியாது, கை காலியாக இருப்பது ஒரு சாதனையும் கிடையாது.

இதற்கு ஒரு நிஜ மனிதரின் கதை இருக்கிறது. பெரியபாளையத்தைத் தொட்டுக்கொண்டு போகிற ஆரணி ஆறு கிழக்கே ஓடிக் கடைசியில் பழவேற்காட்டுப் பக்கம்தான் போய்ச் சேர்கிறது. பழவேற்காட்டில் அந்தக் காலத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை இருந்தது. அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, அங்கிருந்து தப்பித் தன் சிறு சபையோடு பழவேற்காட்டுக்கு வந்து தங்கினார் ஒரு ஜெர்மன் மிஷனரி. பெயர் ஜோகன் பிலிப் பெப்ரிசியஸ். 1758-இல் லாலியின் படை சென்னையை முற்றுகையிட்டபோது மறுபடியும் இங்கேதான் வந்தார்.

பெப்ரிசியஸ் 1711-இல் பிறந்தவர். முதலில் சட்டம் படித்து, பிறகு ஹாலே நகரில் இறையியல் படித்து, 1740-இல் தரங்கம்பாடிக்குக் கப்பலில் வந்து இறங்கினார். 1742 முடியும்போது சென்னைக்கு அனுப்பப்பட்டார். அதன் பிறகு ஏறக்குறைய அரை நூற்றாண்டு இந்த மண்ணைவிட்டுப் போகவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் உட்கார்ந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: தமிழ். சீகன்பால்கு ஆரம்பித்து வைத்த வேதாகம மொழிபெயர்ப்பை எடுத்து, ஆண்டுக்கணக்கில் திருத்தித் திருத்தி எழுதினார். 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்து கொண்டுவந்த அச்சு இயந்திரம் வேப்பேரியில் அவர் பொறுப்பில் கொடுக்கப்பட்டது. அதில் அவருடைய புதிய ஏற்பாடு 1772-இல் அச்சானது. ஜெர்மன் பாடல்களைத் தமிழில் பெயர்த்துப் பாட்டுப் புத்தகம் போட்டார். சக ஊழியரோடு சேர்ந்து 1779-இல் தமிழ்-ஆங்கில அகராதி ஒன்றை வெளியிட்டார். ஏறக்குறைய 9,000 சொற்கள் அதில் உண்டு. அதை அடிப்படையாகக் கொண்ட அகராதி 20-ஆம் நூற்றாண்டிலும் மறுபதிப்பு கண்டது. இன்று பெரும்பாலான தமிழ் புராட்டஸ்டண்டுகள் கையில் இருக்கும் வேதாகமம் 1871-இல் பவர் ஐயர் தலைமையிலான குழு செய்தது. அந்தக் குழுவும் பெப்ரிசியஸின் நடையை வெகுவாகப் பின்பற்றியது. தமிழ் லுத்தரன் சபையார் அதற்குப் பிறகும் வெகுகாலம் அவருடைய மொழிபெயர்ப்பையே விடாமல் வைத்துக்கொண்டிருந்தார்கள். புரசைவாக்கத்தில் அவர் பெயரில் ஒரு மேல்நிலைப் பள்ளியும் இருக்கிறது.

இவ்வளவும் சபை வரலாற்றுப் புத்தகங்களில் பெருமையோடு சொல்லப்படும். அடுத்த பக்கத்தைக் கொஞ்சம் வேகமாகப் புரட்டிவிடுவார்கள்.

பெப்ரிசியஸுக்குக் கணக்கு வழக்கு வரவில்லை. மற்றவர்கள் அவரை நம்பிக் கொடுத்து வைத்த பணத்தையும் மிஷன் பணத்தையும் அவர் வட்டிக்கு விட்டார். அவர் வாழ்ந்த சென்னை அப்படிப்பட்ட ஊர்தான். கர்நாடக நவாப் முகம்மது அலிக்குக் கடன் கொடுத்தே கம்பெனி அதிகாரிகள் பணக்காரர்கள் ஆன காலம் அது. அந்தக் கடன் விவகாரம் லண்டன் வரைக்கும் நாறி, 1785-இல் எட்மண்ட் பர்க் பாராளுமன்றத்தில் அதைப் பற்றி நீண்ட உரையே ஆற்றினார். ஊரே வட்டிக்கு விட்டுக்கொண்டிருந்த இடத்தில், அகராதியில் சொல் தேடிக்கொண்டிருந்த ஒரு மனிதர் தானும் பணத்தை வெளியே விட்டார். பணம் திரும்பவில்லை. கொடுத்தவர்கள் கேட்டு வந்தார்கள். கொடுக்க அவரிடம் ஒன்றுமில்லை. வயதான காலத்தில், கடனுக்காக, அவர் சிறைக்குப் போனார்.

வேதாகமத்தைத் தமிழில் தந்த மனிதர் கடன்காரர் சிறையில்! இந்த இடத்தில் அவருக்கு வக்காலத்து வாங்க மனம் துடிக்கும். பாவம், உலகம் தெரியாதவர், ஏமாற்றப்பட்டவர், தனக்கென்று ஒரு காசும் எடுத்துக்கொள்ளாதவர் என்று சொல்லத் தோன்றும். இருக்கலாம். ஆனால் நம்பிக் கொடுத்தவர்களின் பணம் போனது போனதுதான். தணிக்கைக்குப் போனால் 'நல்ல எண்ணம்' என்று ஒரு பத்தி கிடையாது. அவரை அப்பாவி என்று சொல்லி விடுவித்துவிட்டால் அவருக்குக் கிருபையே தேவையில்லை என்று ஆகிவிடும். தவறியவர் என்று சொன்னால்தான் மேலே பேசுவதற்கு இடம் இருக்கிறது.

அவர் அந்த ஜெபத்தை எத்தனை தடவை எழுதியிருப்பார், அடித்திருப்பார், மறுபடி எழுதியிருப்பார்! கடனை மன்னிப்பது என்றால் என்ன என்று கிரேக்கத்தையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர். அதைத் தினமும் சொன்னவர். சிறையிலும் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்க வேண்டும். ஆனால் அங்கே அந்தச் சொல் இறையியல் சொல்லாக இருந்திருக்காது. அதற்கு ஒரு தொகை இருந்தது, தேதி இருந்தது, பெயர்கள் இருந்தன. அவர் செய்த எந்த வேலையையும் அந்தத் தொகைக்கு எதிராக வரவு வைக்க முடியாது. புதிய ஏற்பாடு முழுவதையும் கொண்டுபோய் நீட்டினாலும் எந்தக் கடன்காரனும் ரசீது தரமாட்டான். பத்தாயிரம் தாலந்துக்காரன் கடைசிவரை உணராத ஒன்றை, கட்டிவிடுகிறேன் என்று சொல்லக்கூட வாயில்லாத நிலையை, பெப்ரிசியஸ் ஐயர் உணராமல் இருந்திருக்க முடியாது.

சரி, இங்கே கணக்குப் படித்த யாருக்கும் ஒரு கேள்வி எழும். தள்ளுபடி, தள்ளுபடி என்கிறார்களே, தள்ளுபடி செய்த கடன் எங்கே போகிறது? கணக்குப்பதிவியல் முதலாண்டுப் பாடத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. வாராக்கடன் காற்றில் கரைவதில்லை. கடன் கொடுத்தவரின் லாப நட்டக் கணக்கில், நட்டம் பக்கம் ஏறுகிறது. வாங்கினவன் கட்டாத அத்தனை ரூபாயையும் கொடுத்தவர் கட்டுகிறார். பேரேட்டில் அந்தப் பெயருக்கு நேரே இருந்த பாக்கி பூஜ்யம் ஆகிறதென்றால், வேறு ஒரு பக்கம் யாரோ அதே தொகையைச் சுமந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சிலுவையைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் சொல்வது இதுதான். வணிகவியல் மாணவனுக்குப் புரிகிற மாதிரி அதை யாரும் பிரசங்கம் செய்வதில்லை என்பது மட்டும்தான் குறை. கிருபை வாங்குகிறவனுக்கு இலவசம். கொடுக்கிறவர் வீட்டில் அதற்கு விலை இருக்கிறது.

அந்த விலையை மனிதர்கள் கொடுத்ததையும் பார்த்திருக்கிறோம். ராணி மரியா என்ற கேரளத்துக் கன்னியாஸ்திரி மத்தியப் பிரதேசத்தில் நிலமற்ற ஏழைகளுக்காக வேலை செய்துவந்தார். அங்கே கந்துவட்டிக்காரர்களின் பிடியிலிருந்து ஜனங்களை மீட்கச் சுயஉதவிக் குழுக்களை அமைத்தவர் (இங்கேயும் கடன்தான்!). 1995 பிப்ரவரி 25-ஆம் தேதி, ஓடுகிற பஸ்ஸில், சமுந்தர் சிங் என்பவரால் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர் ஜெயிலுக்குப் போனார். ராணி மரியாவின் தங்கை செல்மி பாலும் கன்னியாஸ்திரிதான். 2002-இல் அவர் ஜெயிலுக்குப் போய், தன் அக்காவைக் கொன்ற கையில் ராக்கி கட்டினார். சகோதரன் என்றார். குடும்பத்தார் மன்னித்ததும் அவருடைய விடுதலைக்கு வழி செய்தது. 2006-இல் வெளியே வந்த சமுந்தர் சிங், பெரும்பாவூர் பக்கம் புல்லுவழியில் இருந்த அந்த வீட்டுக்கே போய், பெற்றோரின் முன் நின்றார். 2017 நவம்பர் 4-ஆம் தேதி இந்தூரில் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் கொடுக்கப்பட்டபோது, கூட்டத்தில் அவரும் இருந்தார்.

இதைப் படிக்கிற யாருக்கும் செல்மி பாலின் மேல் மரியாதை வரும். ஆனால் அந்த மனிதரின் நிலையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ராக்கி கட்ட நீட்டப்பட்ட கை எது என்று அவருக்குத் தெரியும். வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டிருந்தால் கௌரவம் மிஞ்சியிருக்கும். நீட்டிக்கொண்டிருப்பது அதைவிடக் கஷ்டம். தனக்குச் சற்றும் உரிமையில்லாத ஒன்றை, திருப்பிக் கொடுக்க வழியே இல்லாத ஒன்றை, தலைகுனிந்து வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுப்பதில் இருக்கிற சுகம் வாங்குவதில் இல்லை. ஊரில் பார்த்தால் தெரியும், மொய் எழுதினால் திருப்பி எழுத வேண்டும், பக்கத்து வீட்டிலிருந்து பாயசம் வந்த கிண்ணத்தைக் காலியாகத் திருப்பி அனுப்பக் கூடாது. அப்படி வளர்ந்த நமக்குக் காலிக் கிண்ணத்தோடு நிற்பது அவமானமாகத்தான் இருக்கும். தாழ்மை என்று ஒன்று இருந்தால் அது இந்த இடத்தில்தான் பிறக்கிறது. தள்ளுபடிக்கு அப்புறம்தான் வருகிறது. சில பேருக்கு ரொம்ப நாள் கழித்து வருகிறது. உலகமே பாடுகிற 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதிய ஜான் நியூட்டன் 1748-இல் கடல் புயலில் சிக்கி மனம் திரும்பினார் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகும் அடிமைக் கப்பலின் தலைவராக அவர் பயணம் போனார், 1754-இல்தான் அந்தப் பயணங்கள் நின்றன. அந்த வியாபாரத்தின் கொடுமையையும் அதில் தன் பங்கையும் ஒப்புக்கொண்டு புத்தகம் எழுதியது 1788-இல். நாற்பது வருஷம்! கிருபை அவருடைய தாழ்மைக்காகக் காத்திருந்திருந்தால் அந்தப் பாட்டு எழுதப்பட்டிருக்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தனக்குக் கிடைத்த தள்ளுபடியை ஒப்புக்கொள்கிறவருக்குக்கூட, அடுத்தவருக்குக் கிடைக்கும்போது வயிறு எரிகிறது. மத்தேயு 20-இல் வருகிற திராட்சத்தோட்டக் கூலியாட்கள் கதை அதைப் பற்றியது. விடிகாலையில் வந்தவனுக்கும் ஒரு வெள்ளிக்காசு, சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரு வெள்ளிக்காசு. கும்மிடிப்பூண்டி ஆலை ஒன்றின் வாசலில் இந்தக் கதையைச் சொன்னால் பெரிய சண்டையே வரும். ஒரே இயந்திரத்தில் ஒரே வேலை பார்க்கும் நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு சம்பளம், ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு சம்பளம் என்று இருக்கிற இடத்தில் கூலி நியாயம் பேசுவது சும்மா இல்லை. (ஏதாவது முதலாளி இந்த உவமையைச் சம்பளப் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுவர நினைத்தால் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும்: அந்தத் தோட்டக்காரர் பேசிய கூலியில் யாருக்கும் ஒரு காசு குறைக்கவில்லை. கூடக் கொடுத்ததுதான் அவர் செய்த ஒரே அநியாயம்.) ஜான் ரஸ்கின் 1860-இல் எழுதிய பொருளாதாரக் கட்டுரைகளுக்கு இந்த உவமையிலிருந்துதான் தலைப்பு எடுத்தார். 1904-இல் தென்னாப்பிரிக்காவில் ரயிலில் அந்தப் புத்தகத்தைப் படித்த காந்தி அதற்குப் பிறகு பழையபடி வாழ முடியாமல் போனார், பின்னால் 'சர்வோதயம்' என்ற பெயரில் குஜராத்தியில் அதன் சாரத்தை எழுதினார்.

காந்திக்குக் கடைசியில் வந்தவன்மேல் கண் போயிற்று. சபைக்காரர்களுக்குப் பெரும்பாலும் காலையில் வந்தவன்மேல்தான் அனுதாபம் வருகிறது. மூன்று தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பம், தாத்தா கட்டின கோயில், வாலிபர் சங்கத்தில் பத்து வருஷம் என்று வரவுக் கணக்கு வைத்திருக்கிறவர்களுக்கு, நேற்றுவரை சாராயக்கடையில் கிடந்த ஒருவன் இன்று முன் வரிசையில் நின்று கண்ணீர் விடுவதைப் பார்த்தால் ஒரு சின்ன எரிச்சல் வரத்தான் செய்யும். எத்தனை நாளைக்குப் பார்க்கலாம் என்று பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லச் சொல்வார்கள். 'நான் தூசி' என்று சாட்சியில் சொன்ன அதே வாய்தான்.

பெப்ரிசியஸுக்கு என்ன ஆயிற்று என்று முடிக்க வேண்டும். 1788-இல் கெரிக்கே ஐயர் வந்து வேப்பேரி மிஷன் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். கணக்கும் கை மாறியது. பெப்ரிசியஸ் 1791 ஜனவரி 23-ஆம் தேதி, தன் 80-வது பிறந்த நாளுக்கு மறுநாள் இறந்தார். பழைய ஏற்பாட்டின் அச்சு வேலை அவர் உயிரோடு இருக்கும்வரை முடியவில்லை, 1796-இல்தான் முடிந்தது. வேப்பேரியில் சபை கூடியது. அவர் பெயர்த்த பாடல்களைத்தான் பாடினார்கள், அவர் எழுதிய தமிழில்தான் வசனம் வாசித்தார்கள். அந்தப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர்களில், அவரிடம் பணம் கொடுத்து இழந்தவர்களும் இருந்திருக்கக் கூடும்.